கோட்டைக்கு வெளியே குடங்கள்

வாய்க்கால் தண்ணீருக்காக ஊர்கள் இப்போது அரிவாள் தூக்குவதில்லை. ஒவ்வோர் ஊரும் கணினி விளையாட்டுக்குள் ஒரு மாய ராஜ்யம் கட்டுகிறது. எது பலமானதோ, அந்த ஊருக்கு இந்த வருடத் தண்ணீர். எந்த ராஜ்யம் எந்த ஊருடையது என்று ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்கும் அதிகாரிகளுக்குச் சொல்லமாட்டார்கள்.

செவந்தியும் ஜெரால்டும் கடைசி இரண்டு ராஜ்யங்களைத் திரையில் எதிரெதிரே நிறுத்தினார்கள். செவந்தியின் அம்மா வீடு வாய்க்காலின் கடைக்கோடியில். அதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

"சாம்பல்கோட்டைதாம்மா," என்றார் ஜெரால்டு. "ஒம்பது டிராகன், மந்திரவாதிங்க வேற. நீலநாட்டுல வெறும் குதிரைப்படை."

இளைத்த நீலநாடுதான் தன் ஊராக இருக்கும் என்று செவந்திக்குப் பட்டது.

"முற்றுகை போட்டுப் பாக்காம முடிக்கக்கூடாது சார்," என்றாள்.

நீலநாட்டுக் குதிரைகள் சாம்பல்கோட்டையைச் சூழ்ந்து நின்றன. கோட்டைக்குள் களஞ்சியம் நிறைய நெல் இருந்தது. ஆனாலும் சில நாட்களிலேயே டிராகன்கள் நாக்கு வறண்டு சரிந்தன. செவந்தி மூச்சு விட்டாள். ஜெரால்டு 'நீலநாடு' என்று தீர்ப்பை அழுத்திவிட்டு வரைபடத்தைப் பெரிதாக்கினார்.

"இவ்ளோ பெரிய கோட்டை கட்டியிருக்காங்க, உள்ள ஒரு கிணறுகூட வைக்கத் தோணலையே! வாசலுக்கு வெளிய எதுக்கும்மா இத்தன பிளாஸ்டிக் குடம், வரிசையா?"

செவந்தி திரையைப் பார்த்தாள். அம்மா வீட்டு வாசலிலும் இப்படித்தான் குடங்கள் நிற்கும்.

"தண்ணி லாரி வரும்னு சார்."