பரிதிக்கு எழும்பிய கூடம்

பெரம்பூரில் ஹூடியும் ஷூவும் விற்கும் அந்தக் கடை, உள்ளே வருபவருக்கு ஏற்றபடி தன்னைத்தானே மாற்றிக் கட்டிக்கொள்ளும். அதை வடிவமைத்தவள் ரெபெக்கா. இரண்டு வருடங்களில் அது எடுத்த எத்தனையோ உருவங்களைப் பார்த்துவிட்டதால், இனி அதில் வியக்க ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் அவள் கடையில் இருந்தபோது, பரிதி என்ற இளைஞன் வெள்ளைக் கோலைத் தட்டியபடி உள்ளே வந்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அவன் கால் வைத்ததும் விளக்குகள் அணைந்தன. வாசல் கண்ணாடியும் கறுத்தது. கும்மிருட்டில் சுவர்கள் நகரும் சத்தம் கேட்டது.

"மேடம், கடை கெட்டுப்போச்சு போல!" என்று முதலாளி சாதிக் அலறினார்.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க," என்றான் பரிதி. விரலைச் சொடுக்கினான். அந்தச் சத்தம் மேலே எங்கோ போய்த் தொட்டுவிட்டு மெல்ல இறங்கி வந்தது. "அம்மாடி, எவ்ளோ உயரம்!"

மறுபடி சொடுக்கினான். ஒரு பக்கம் துணிகள் சத்தத்தை விழுங்கின. மறுபக்கம் ஷூ வைத்த தகரத் தட்டுகள் கணீரென்றன. கோலை மடக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் காலடிகள் எதிலும் மோதாமல் கடையைச் சுற்றிவந்தன.

ரெபெக்கா அந்தக் காலடிகளையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வரைந்த எந்தத் தாளிலும் இந்தக் கூடம் இல்லை. ஓரடி வைத்தவள் எதிலோ முட்டிக்கொண்டாள்.

"இவ்ளோ அழகான எடத்துக்கு நான் வந்ததே இல்ல. யாரு கட்டினது?" என்று கேட்டான் பரிதி.

"நான்தான்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள் அவள். "எனக்கும் கொஞ்சம் சுத்திக் காட்டுறீங்களா?"

இருட்டிலிருந்து ஒரு கை தடுமாறாமல் வந்து அவள் கையைப் பிடித்தது.