இருபது வரித் தண்டனை

"மஹ்மூதாவுக்கு இன்னைக்கும் இருபது வரி. வீட்டுல எழுதிட்டு வரணும்."

சாரம்மாள் டீச்சர் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினார்.

இரண்டாம் வகுப்பு மொத்தமும் மஹ்மூதா பீவியைப் பரிதாபமாகப் பார்த்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. அந்த வகுப்பிலேயே அவள் எழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். அவளுக்குத்தான் மூன்று வாரமாகத் தினமும் தண்டனை. இது எந்த ஊர் நியாயம் என்று யாராவது கேட்க வேண்டாமா?

கேட்க ஆள் வந்துவிட்டார். மஹ்மூதாவின் பெரியவாப்பா, பத்தமடைப் பாய் வியாபாரி நூர்முகம்மது.

ஜார்ஜ் ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம் அது. முஸ்லிம் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது இந்த ஒரே பிள்ளைதான். அதுவும் நின்றுவிடுமோ என்று தலைமை உபாத்தியாயர் வேதநாயகம் அவர் பின்னாலேயே வகுப்புக்கு ஓடி வந்தார்.

"என்ன டீச்சரம்மா, எங்க வீட்டுப் பிள்ளைதான் உங்க கண்ணுல படுதா? பொழுதன்னைக்கும் அவ உம்மா பக்கத்துல சிலேட்டும் கையுமா கெடக்கா. இவ வாப்பா, என் தம்பி, கொழும்புல இருந்து 'பிள்ளையைப் படிக்க வைங்க காக்கா'ன்னு எழுதுதான், அதுக்காக அனுப்புதேன். அவன் காயிதத்தை வாசிச்சுச் சொல்ல நான் இருக்கேன். அவன் பொஞ்சாதிக்காகப் பதில் எழுத நான் இருக்கேன். பொம்பளைக்கு எழுத்து எதுக்கு? நாளையில இருந்து பிள்ளையை அனுப்ப மாட்டேன்."

"முதலாளி, கோவப்படாதீங்க" என்று வேதநாயகம் நடுவில் புகுந்தார். "சாரம்மா, தண்டனையை விட்டுருங்களேன்."

"முடியாதுங்கய்யா."

"பத்து வரியாவது குறைங்க."

"ஒரு வரிகூடக் குறைக்க மாட்டேன். எழுத்து ஒழுங்கா வரணும். வர்ற வரைக்கும் விடமாட்டேன்."

சரியான கல்நெஞ்சக்காரி என்று வேதநாயகம் மனசுக்குள் திட்டினார். யாராக இருந்தாலும் திட்டத்தான் செய்வார்கள்.

மஹ்மூதா அன்று காலையில் வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவந்த சிலேட்டை எடுத்து நூர்முகம்மதுவிடம் நீட்டினார் சாரம்மாள்.

"நீங்களே பாருங்க அண்ணாச்சி."

பார்த்தவர் முகம் மாறியது. எல்லாம் கோணல்மாணல் எழுத்து. அதுகூடப் போகட்டும். ஒவ்வொரு வரியும் வலது ஓரத்தில் ஆரம்பித்து இடப்பக்கமாகப் போயிருந்தது. 'படம்' என்று எழுத வேண்டியது 'ம்டப' என்று கிடந்தது.

"ஏ பிள்ள, இது என்ன கூத்து? அரபி எழுதுத மாதிரி வலப்பக்கமிருந்து எழுதிருக்க?"

மஹ்மூதா தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நூர்முகம்மதுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தெரியாமப் பேசிட்டேன் டீச்சரம்மா. ஓதப் போற பழக்கத்துல இப்படி எழுதுதா போல. பிள்ளை வரட்டும். தண்டனையை மட்டும் குறைச்சிராதீங்க. எழுதி முடிக்காம அவ எந்திரிக்கக் கூடாதுன்னு நானே வீட்டுல சொல்லுதேன்."

சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

வேதநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

"வகுப்புல அழகா இடப்பக்கமிருந்து எழுதுதா. வீட்டுக்குப் போனா மட்டும் எப்படி சாரம்மா இப்படி மாறுது?"

சாரம்மாள் சிலேட்டைச் சுத்தமாகத் துடைத்து மஹ்மூதாவின் கையில் கொடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னைக்கு 'அன்புள்ள மச்சானுக்கு'ன்னு இருபது வரி. இடப்பக்கமிருந்து ஆரம்பிக்கணும்னு உம்மாகிட்ட மறக்காமச் சொல்லு."