குட்டைக் கயிறு

"என்ன சரசு, கயிறு இவ்வளவுதானா?"

தேவதர்ஷினி ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். சரசு தைத்து மாட்டிய துணித் திரை, அந்த பிளைண்ட், என்னவோ ஜோராகத்தான் இருந்தது. மடிப்பு மடிப்பாக மேலே ஏறுகிற ரகம். ஆனால் அதை ஏற்றி இறக்கும் கயிறு ஆளுயரத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. சுற்றிக் கட்டுகிற கொக்கியும் அங்கேயேதான்.

"அவ்ளோதாங்க்கா. போதும்," என்றாள் சரசு, ஸ்டூலிலிருந்து இறங்கியபடியே.

பம்மலில் வீட்டிலேயே தைத்து, டிரில்லிங் மிஷினோடு தானே வந்து மாட்டியும் கொடுப்பவள் சரசு. கோவிலம்பாக்கத்தில் இந்த அபார்ட்மென்ட்டில் மட்டும் இது ஐந்தாவது வீடு.

"கீழ வரைக்கும் வரணும்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"எக்கினா எட்டும்க்கா. இல்லாங்காட்டி ஸ்டூல் போட்டுக்க."

"காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை நான் ஸ்டூல்ல ஏறி இறங்கணுமா? நல்லா இருக்கே!"

நாளைக்குக் குழந்தை உதயாவுக்கு முதல் பிறந்தநாள். அதற்காகவே, யூடியூபைப் பார்த்துப் பார்த்து இரண்டு வாரமாக அந்தத் துணியில் யானையும் வாத்துமாக வரைந்து தள்ளியிருந்தாள் தர்ஷினி. வாத்து கொஞ்சம் கோழி மாதிரி வந்துவிட்டது, போகட்டும். கயிற்று நுனிக்கென்று சிவப்பு உல்லனில் ஒரு குஞ்சம் செய்து கிணுகிணுக்கிற மூன்று மணிகளும் கோத்துக் கொடுத்திருந்தாள். குஞ்சம் ஜன்னலோரக் குழந்தைக் கட்டிலுக்கு நேர் மேலே தொங்க வேண்டும், உதயா எழுந்து நின்று இழுத்து ஆட்ட வேண்டும், அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்பது அவள் ஆசை.

"சரி, நான் கொடுத்த குஞ்சம் எங்க?"

சரசு மேலே கை காட்டினாள். குஞ்சம் பிளைண்டின் மேல் பட்டியில் அழுத்தித் தைக்கப்பட்டு அசையாமல் கிடந்தது.

தர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடி வீட்டு ஷீலா காலையில் போனில் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. 'வேலை சுத்தம்தான் தர்ஷினி. ஆனா எங்க வீட்டுலயும் கயிறைக் குட்டையாத்தான் விட்டா. மிச்சத்தைச் சுருட்டிட்டுப் போறாளோ என்னவோ, கவனிச்சுக்கோ.'

"எட்டு மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். மிச்சக் கயிறு எங்க?"

சரசு தரையில் சிந்திய ஸ்க்ரூக்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள்.

"உங்களைத்தான் கேக்கிறேன்."

"அது உனக்கு வோணாங்க்கா."

"வேணுமா வேணாமான்னு நான் சொல்லணும். வாங்கினவ நான்." குரல் தடித்தது. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. "வேற வீட்டு ஆர்டருக்கு ஓட்டலாம்னு பாக்கிறியா?"

"அக்கா, வார்த்தைய உடாத."

"அப்போ பையைக் காட்டு."

சரசு பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தர்ஷினிக்கு அது போதுமாக இருந்தது. போனை எடுத்தே விட்டாள்.

"அபார்ட்மென்ட் குரூப்ல ஒரே ஒரு மெசேஜ். அப்புறம் இந்தப் பக்கம் எந்த வீட்டுலயும் நீ கால் வைக்க முடியாது, தெரியுமில்ல?"

சரசுவின் முகம் வெளுத்தது. அவளுக்கு வருகிற வேலையெல்லாம் இப்படி ஒரு குரூப்பில் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கூப்பிடுவதுதான். அது தர்ஷினிக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

சத்தத்தில் உதயா விழித்துக்கொண்டது. கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, சிவப்புக் குஞ்சத்தைப் பார்த்து, 'ங்கா' என்று கையை நீட்டியது. எட்டவில்லை. உதட்டைப் பிதுக்கியது.

"பாரு, குழந்தை எவ்வளவு ஆசையா கை நீட்டுது! அதுக்கு எட்டவிடாமப் பண்ணிட்டியே, உனக்கு மனசே கிடையாதா?"

சரசு குழந்தையையே பார்த்தாள். பிறகு பையைத் தரையில் கவிழ்த்தாள்.

ஸ்க்ரூ, இஞ்சு டேப், கத்தரிக்கோல். கூடவே கயிறும் விழுந்தது. சாண் அளவில் துண்டு துண்டாக, பத்துப் பன்னிரண்டு. எந்த ஜன்னலுக்கும் உதவாத துண்டுகள்.

தர்ஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. திருடுகிறவள் இப்படி வெட்டிப் போடுவாளா?

"என்ன இது? எதுக்கு இப்படி வெட்டினே?"

"முழுசா குப்பையில போட்டாலும் எதுனா ஒரு புள்ள எடுத்து வெளையாடும்க்கா." சரசு குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப என் பொண்ணுக்கும் இதே வயசு. எங்க வூட்டு ஜன்னலுக்கும் நானேதான் தச்சி மாட்டினேன். அதும் கைக்கு எட்டட்டும்னு கயிற நீட்டமா உட்டு, நுனியில மணி கட்டினேன். நான் தடுப்புக்கு இந்தாண்ட தையல் மிஷின்ல குந்திகினு இருந்தேன். கழுத்துல சுத்திக்கிச்சுக்கா."

தர்ஷினியின் கை தானாகக் குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டது. போன் கட்டிலில் விழுந்தது.

"மணி அடிச்சிகினேதான் இருந்திச்சு. புள்ள வெளையாடுதுன்னு நெனச்சிகினு, நான் மிஷின உட்டு எழுந்திரிக்கலக்கா."