மிதிக்கிற மெஷின்

பழைய இரும்புக் கடையிலிருந்து துரைப்பாண்டி தூக்கி வந்த தையல் மெஷினில் துருப்பிடிக்காத இடமே இல்லை.

"மோட்டார் வச்சதே கெடைக்குல்லா அண்ணாச்சி? மாரிசெல்வியப் போயி மிதிக்கச் சொல்லுதியளே!" என்றாள் அடுத்த வீட்டு முத்துமாரி.

"மிதிக்கிற மெஷின்தாம்மா வேணும்."

"தைக்கவே தெரியாதவளுக்கு மெஷின் வாங்கியாந்திருக்காவ," என்று நாற்காலியில் இருந்தபடியே சிரித்தாள் அவன் மனைவி மாரிசெல்வி.

அவன் மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைச் சுரண்டினான். இறுகிப்போன சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு விட்டு அசைத்தான். புது பெல்ட் மாட்டியதும் மெஷின் கடகடவென்று ஓடியது. நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டு, மனைவியின் பாதங்களை மிதிபலகையில் எடுத்து வைத்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மெஷின் ஓடியது. துணியும் இல்லை, நூலும் இல்லை. முத்துமாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று மாரிசெல்வி அலறினாள். "ஏங்க, இங்கன ஓடியாங்க!"

துரைப்பாண்டி பதறி ஓடினான். அவள் இடது காலை மிதிபலகையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்திருந்தாள். போன வருஷம் பக்கவாதத்தில் விழுந்த வலது கால், தனியாகவே மெஷினை மிதித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்தாதட்டி, மிதி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான் துரைப்பாண்டி.