கழிவுக்குக் கழிவு

"பேப்பர்ல மறுபடியும் உங்க ஆபீஸ்காரர்!"

மனைவி நீட்டிய படத்தைப் பார்த்ததும், சாயத் தொழிற்சாலையின் வரி மேலாளருக்கு டீ கசந்தது.

அமைச்சருக்குப் பக்கத்தில், கையில் மரக்கன்றோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார் சுற்றுச்சூழல் மேலாளர். நாளை அவருக்குப் 'பசுமை நாயகன்' விருதாம்.

"நீங்களும் அதே கம்பெனிதானே? உங்களை ஏன் கூப்பிடலை?"

"வரியை மிச்சம் பிடிச்சுக் கொடுக்கிறவனை எவன்டி மேடை ஏத்துவான்?"

வயிற்றெரிச்சல் ஆபீஸ் வரை கூடவே வந்தது.

தொழிற்சாலையில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதிகாரிகள் வந்தால் மட்டும் ஓடும். மற்ற நாளெல்லாம் சாயத் தண்ணீர் நேரே ஆற்றுக்குத்தான். தினமும் ஓடுவதாகக் காட்டி வரிச்சலுகை வாங்கித் தருவது இவர். மாலை மரியாதை மட்டும் அவனுக்கு!

'இருடா, உன் வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏத்தறேன்.'

மதியம் தெருமுனைக் கடையிலிருந்து, வாயில் கர்சீப்பை வைத்துக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு போன் போட்டார்.

"சாயக் கம்பெனியில கழிவை அப்படியே ஆத்துல விடறாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை.

"அந்தக் கழிவுக்கு வரியில கழிவு வேற வாங்கறாங்க!"

முதலாளி அமைச்சருக்குச் சம்பந்தி. ஆத்திரத்தில் அது மறந்துபோனது. புகார் அமைச்சர் வீட்டுப் பக்கம் போய், மாலைக்குள் முதலாளி மேஜைக்கே வந்துவிட்டது.

மேலாளர்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"'கழிவுக்குக் கழிவு வாங்கறாங்க'ன்னு எவனோ போன் பண்ணியிருக்கான். உள்விஷயம் தெரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேர்தான். யாருய்யா அது?"

வரி மேலாளர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். வேலை போனால் மகள் படிப்பு பாதியில் நிற்கும்.

சுற்றுச்சூழல் மேலாளர் இவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் ஐயா."

"நீயா? உன்னை மேடை ஏத்தி அழகு பாத்தேனே! இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே. போ வெளியே!"

முதலாளி இவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அந்த விருதை நீ போய் வாங்கிக்கோ."

கேட் அருகே மூச்சிரைக்க ஓடிப்போய் மற்றவரைப் பிடித்தார் வரி மேலாளர்.

"ஏன் சார் பொய் சொன்னீங்க? அது..."

"நீங்கதான்னு தெரியும் சார். கழிவுக்குக் கழிவு! வரிக்காரர் வாயில தவிர வேற யார் வாயில அது வரும்?" சிரித்தார். "எனக்கென்ன, பிள்ளையா குட்டியா? உங்களுக்குக் குடும்பம் இருக்கு."

இவர் தலை தானாகக் குனிந்தது.

"நீங்க எதுக்கு சார் தலைகுனியறீங்க? ஆறு கறுத்துப்போறதைத் தினம் பாத்துக்கிட்டே போட்டோவுக்குச் சிரிச்சவன் நான். அந்த போனைப் போடற தைரியம் எனக்கு வரவே இல்லையே! உங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு சார்."