ஹார்டு டிஸ்க்கில் இருந்த குரல்

நீடாமங்கலத்தின் பிற்பகல் வெயில் ஜன்னல் வழியே லேப்டாப் திரையில் விழுகிறது. விண்டோஸ் இருக்க, பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போடலாமென்று ஹார்டு டிஸ்க்கைப் பாகங்களாகப் பிரிக்கப்போன கனிமொழி, தவறான பாகத்தை அழித்துவிட்டாள். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போவதற்கு முன் அம்மா அம்சம் பேசிய பதிவுகளெல்லாம் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதியில்லை. மீட்கும் மென்பொருளை மூன்றாவது முறை ஓட்டிப் பார்க்கிறாள். அது எந்தக் கோப்பும் இல்லை என்கிறது. வெளியே அறுவடை மெஷின் வயலைச் சுற்றி இரைகிறது. வைக்கோல் தூசி விசைப்பலகையில் படிகிறது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"உன் குரலை நானே அழிச்சிட்டேம்மா."

அம்சம் அருகில் வந்து மகளின் தலையைத் தடவுகிறாள். 'கனி' என்று கூப்பிட வாயைத் திறக்கிறாள். கழுத்தில் மூச்சுவிட வைத்த துளையின் மேல் கட்டிய துணி மூச்சில் லேசாக உப்பி அடங்குகிறது. உதடுகள் மட்டும் அசைகின்றன.