எண் இல்லாத O

ஆஸ்பத்திரிப் பதிவறையில், பிரசவ வார்டிலிருந்து வந்த துண்டைப் பார்த்து டினோஷாவுக்கு வயிறெரிந்தது. இந்தப் பெண்ணுக்கு இது மூன்றாம் பிரசவமாம்! கலியாணமாகி எட்டு வருடம், தனக்கு ஒன்றுகூடத் தங்கவில்லை.

மகப்பேற்றுச் சிக்கல் ஒவ்வொன்றுக்கும் O என்ற எழுத்தில் தொடங்கும் குறியீட்டைப் பதிவதுதான் அவள் வேலை. இந்தத் துண்டிலோ வட்டம் மட்டும் இருந்தது. பின்னால் எண்ணைக் காணவில்லை.

வார்டுக்கே போய்த் தாதியிடம் நீட்டினாள்.

"மிஸி, O போட்டுட்டு நம்பரை விட்டிட்டீங்க. மூணு பெத்த மகராசி ஆரு, அந்தா பிள்ளையக் கீழ வைக்காம இருக்கிறாவே, அவவா?"

"ஓம்." தாதி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அது O இல்ல புள்ள, சைபர். இஞ்ச வரக்குள்ள எத்தினை பிள்ளைகள் உயிரோட எண்டு எழுதுற இடம். முந்தின ரெண்டையும் சுனாமி கொண்டுபோயிட்டு."